ஆளுக்கு எத்தனை குடம்

சனிக்கிழமை மாலை நான்கு பத்து. தையல் வகுப்பு அறையின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தரையில் மூடிகள் தெரிந்தன. கலர் சோடா பாட்டில் மூடிகள், பதினொரு வரிசையாக, சுவரிலிருந்து அறையின் நடுவை நோக்கிக் கிடந்தன. பத்து வரிசைகள் கொஞ்சம் முன்னேபின்னே அடங்கிவிட்டன. ஒன்று மட்டும் மற்றவற்றைத் தாண்டி, தையல் மெஷினின் மிதிபலகைக்கு அடியில் போய் முடிந்தது. ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் சாக்பீஸால் ஒரு கதவின் நிறம் எழுதியிருந்தது. மெஷினுக்கு அடியில் போன வரிசைக்கு ‘நீலக் கதவு’ என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் தெருவில் நீலக் கதவு ஒன்றுதான். அது எங்கள் வீடு.

என் பாவாடையின் இடது பக்கம் ஈரமாக இருந்தது. அன்று தண்ணீர் லாரி மூன்றேகாலுக்கு வந்திருந்தது. கடைசிக் குடத்தை இடுப்பில் வைத்துச் சந்து வழியாக வீட்டுக்குள் கொண்டுபோனவள் நான்தான். அது பத்தாவது குடம். தாமதத்துக்குக் காரணமும் அதுதான்.

தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்த நேரம். நான் ஐந்தாம் வகுப்பு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் தெருக்களில் ஒன்று எங்களுடையது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் வார நாட்களில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு எங்களுக்குக் கணக்கு வகுப்பு. நடத்தியவர் நகரத்தின் தெற்குப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஓர் இளம்பெண். கல்லூரியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம்.

மிஸ் சொல்லிக்கொடுத்தது குறைவு, கேட்டது அதிகம். கேட்டதும் பெரும்பாலும் ஒரே கேள்வி: “எப்படித் தெரியும்?” யாராவது எதையாவது சொன்னால் மற்றவர்கள் கையைத் தூக்கி ‘மறுப்பு’ என்று சொல்லலாம். பிறகு காரணம் சொல்ல வேண்டும். ‘எனக்குத் தோணுது’ காரணம் ஆகாது. ‘எங்கம்மா சொன்னாங்க’ என்பதும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தால் ஸ்கேலால் அடி வாங்கிய எங்களுக்கு இது பண்டிகை மாதிரி இருந்தது. மூச்சுக்கு மூச்சு மறுத்தோம்.

முதல் வாரம் ஒவ்வொருவரும் தனக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை மூடிகளை வைக்கச் சொன்னார். எல்லாவற்றையும் குவித்துச் சமமாகப் பங்கு போட்டபோது ஆளுக்கு இரண்டரை வந்தது.

“மிஸ், அந்த அரை ஆளு யார் வூட்ல கீறான்?” என்றான் ஒருவன்.

“மேல் பாதியா, கீழ் பாதியாடா?” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“கீழ் பாதின்னா சோறு செலவு இல்ல.”

சிரிப்பு அடங்கியதும் மிஸ் கேட்டார்: “அப்ப ரெண்டரைங்கிறது பொய்யா?” அதன்மேல் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. பொய் இல்லை, ஆனால் அது யாருடைய வீடும் இல்லை என்று கடைசியில் முடிவானது. மிஸ் வாயிலிருந்து அது வரவில்லை. நாங்களே அடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தோம். சராசரியைப் பற்றி நான் பின்னால் கற்றது எதுவும் அதைவிடப் பெரிதாக இல்லை.

அன்று நான் இரண்டு மூடிகள் வைத்தேன். ஓர் அண்ணன், ஒரு தங்கை. யாரும் மறுக்கவில்லை.

தண்ணீரை எண்ணலாம் என்பது மிஸ்ஸின் யோசனை அல்ல. அவர் எங்கள் உயரங்களை அளப்பதற்காக டேப் கொண்டுவந்திருந்தார். “ஒயரத்த அளந்து இன்னா பண்றது மிஸ்? தண்ணி யாரு ஜாஸ்தி புடிக்கிறாங்கன்னு பாக்கலாம்” என்றவன் குழாய் அக்காவின் மகன். அவன் அம்மா தெருமுனையில் கடை வைத்திருந்தார். புதனும் சனியும் வரும் லாரியின் குழாயைக் கையில் பிடிப்பவர் அவர். வீட்டுக்கு ஆறு குடம் என்ற விதியை வைத்தவரும் அவர்தான். வரிசையில் நிற்க ஆள் இல்லை என்றால் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போகலாம். செங்கல் ஆளுக்குச் சமம். செங்கல்லைத் தள்ளி வைத்தவளை அந்தத் தெரு மன்னித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அது யார் வைத்த செங்கல் என்று லாரி வந்த பரபரப்பில் யாரும் கேட்பதில்லை.

கொஞ்ச நாட்களாகக் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. குழாய் அக்கா நடுத்தெருவில் நின்று கத்தியிருந்தார்: “எவளோ டபாய்க்கிறா. புட்ச்சேன்னு வெச்சிக்கோ, ஒரு மாசம் கடைசில நிக்கவெச்சிடுவேன்.” கடைசியில் நின்றால் பாதி நாட்கள் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டும்.

எண்ணுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை முழுவதும் வாதத்திலேயே போனது. பக்கெட் ஒரு குடமா, அரைக் குடமா? ஊற்றிப் பார்த்து அரை என்று முடிவு செய்தோம். வரிசையில் எண்ணுவதா, வீட்டில் எண்ணுவதா? வரிசையில் செங்கல் இருக்கிறது, செங்கல் தண்ணீர் குடிக்காது, ஆகவே வீட்டுக்குள் போவதைத்தான் எண்ண வேண்டும் என்றாள் தெருவின் கடைசி வீட்டுப் பெண். அவளும் அவள் அம்மாவும் மட்டுமே அந்த வீட்டில். யாரும் தன் வீட்டைத் தானே எண்ணக் கூடாது என்ற விதியும் அவள் கொண்டுவந்ததுதான். எனக்கு அதை மறுக்கத் தோன்றியது. சொல்லக்கூடிய காரணம் இல்லை.

பச்சைக் கதவையும் மஞ்சள் கதவையும் எனக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டை எண்ணியவன் சந்து முனையில் உட்கார்ந்தான். அம்மா வைக்கும் இரண்டாவது செங்கல்லின் குடங்கள் முன்வாசல் வழியாக வருவதில்லை, சந்து வழியாகத்தான் வரும். அவன் அங்கே உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கணக்கு கெட்டுப்போயிருக்கும் என்ற எண்ணம் அந்த வயதில் எனக்கு வந்திருந்தது. மூன்று லாரிகள் எண்ணினார்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று முறையும் பத்து. ஒரு குடத்துக்கு ஒரு மூடி.

மூன்றாவது லாரியும் எண்ணி முடிந்த அந்த மாலை, நான் உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். குழாய் அக்காவின் மகன் குச்சியால் எங்கள் வரிசையைத் தட்டினான்.

“தோ, இதான் மிஸ் திருட்டு வூடு.”

“திருட்டுன்னு எப்படித் தெரியும்?” என்றார் மிஸ்.

“ஆறுக்கு மேல நாலு கீது. கண்ணு தெர்ல?”

நான் கையைத் தூக்கினேன். “மறுப்பு. எண்ணுனது தப்பு.”

“எப்படித் தெரியும்?” என்று வகுப்பே சேர்ந்து கேட்டது.

எண்ணியவன் எழுந்து சட்டைப் பையைத் தட்டினான். “ஒவ்வொரு கொடத்துக்கும் ஒரு கல்லு எட்த்து பாக்கெட்ல போட்டேன் மிஸ். இவ பொய் சொல்றா. இன்னிக்கு கடசீ கொடம் இவதான் தூக்கினு போனா. பாவாடைய பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். நான் ஈரத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கடைசி வீட்டுப் பெண் கையைத் தூக்கினாள். அவள் எனக்கு உதவ வரவில்லை. கணக்கில் ஒரு குறை அவள் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். “மிஸ், எங்க வூட்ல ரெண்டே பேரு. மூணு கொடம். அவங்க வூட்ல எட்டோ பத்தோ பேரு இருந்தா? வூட்ட பாக்கக்கூடாது, ஆள பாக்கணும்.”

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. அவர் அதற்காகவே வாரக்கணக்காகக் காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. ஒவ்வொரு வீட்டின் மூடிகளையும் அந்த வீட்டு ஆட்களுக்குப் பங்கு போடுங்கள் என்றார். அந்தந்த வீட்டுப் பிள்ளை ஆள் கணக்கைச் சொல்ல வேண்டும், பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்கள்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலையில் இருந்தார். நாங்கள் அவரை நைனா என்போம். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மதியம் அவர் ஒரு பெண்ணையும் இரண்டு சிறு பையன்களையும் ஆட்டோவில் கூட்டிவந்து பின்கட்டு அறையில் வைத்தார். பெரிய பையனுக்கு அப்போதே இரண்டு வயது. அம்மா அன்றே நடுக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். வீட்டுக்குள் அந்தப் பெண்ணை நாங்கள் சித்தி என்று கூப்பிட வேண்டும். வெளியே யாராவது கேட்டால் ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை என்று சொல்ல வேண்டும். ரேஷன் கார்டில் நாங்கள் ஐந்து பேர். தெருவுக்கு எல்லாம் தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் காதில் விழும்படி யாரும் பேசியதில்லை. சித்தி தெருப்பக்கம் வந்ததும் இல்லை. அவளுக்கு வேண்டிய நான்கு குடத்தை அம்மா இரண்டாவது செங்கல்லில் பிடித்துச் சந்து வழியாக அனுப்பிவிடுவாள்.

இரக்கத்தால் அல்ல. சித்தி குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக.

என் முறை வந்தது.

“அஞ்சு” என்றேன்.

குழாய் அக்காவின் மகன் பங்கு போட்டான். ஆளுக்கு இரண்டு, மிச்சமில்லை. வேறு எந்த வீட்டிலும் ஆளுக்கு இரண்டு வரவில்லை. “அப்பவும் இவங்கதான்! நான் சொன்னேன்ல, திருட்டு வூடு!” அவன் துள்ளினான். “எங்க வூட்ல ஏழு பேரு மிஸ். ஆளுக்கு ஒண்ணுகூட வர்ல. கொழாய புட்ச்சிகினு கீறதே எங்கம்மாதான்.” அவன் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

“யாருக்காவது மறுப்பு இருக்கா?” என்றார் மிஸ்.

அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. கையைத் தூக்கினேன்.

“மறுப்பு. எட்டு.”

“நீதானே அஞ்சுன்ன?” என்றார் மிஸ். அவர் குரலில் கோபம் இல்லை, ஆர்வம்தான் இருந்தது. அவர் எங்கள் தெருவைச் சேர்ந்தவர் அல்லர்.

“எட்டு மிஸ்.”

“அன்னிக்கு கூடப்பொறந்தவங்க ரெண்டுன்ன?” என்றான் எண்ணியவன். “மூடி ரெண்டுதான வெச்ச?”

“எது சரி? எப்படித் தெரியும்?” என்றார் மிஸ்.

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஆட்களைச் சொல்ல வேண்டும். விரலை மடக்கினேன். “நைனா, அம்மா, அண்ணன், நானு, தங்கச்சி.” ஒரு கை முடிந்தது. “அப்பால பின்னாடி அத்தை.”

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். “அத்தையாமே.”

“சித்தி” என்றேன். “அவுங்க புள்ளைங்க ரெண்டு.”

மிஸ் சாக்பீஸால் எட்டு என்று எழுதினார். “ரொம்ப நல்ல மறுப்பு. தன்னோட எண்ணையே மறுக்கிறது கஷ்டம்” என்று எல்லோரிடமும் சொன்னார். என் கழுத்து எரிந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பெருமையில் சிவந்ததாக நினைத்திருப்பார்.

பத்து மூடிகளையும் எட்டுப் பங்காக்கினார்கள். ஆளுக்கு ஒன்று, மிச்சம் இரண்டு. மெஷினுக்கு அடியில் இருந்த வரிசை வெளியே வந்து மற்ற வரிசைகளுக்கு நடுவில் ஒன்றாகிப்போனது. ஒரு கணம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தபோதே கடைசி வீட்டுப் பெண் என் காதில் சொன்னாள்: “எங்களுக்கு முன்னமே தெரியும்டி.”

அத்தோடு முடிந்திருக்கலாம். குழாய் அக்காவின் மகன் மறுபடியும் கையைத் தூக்கினான்.

“மறுப்பு. ரெண்டு அடுப்பு எரிஞ்சா ரெண்டு வூடு மிஸ்.”

“ஏன்?”

“எங்க பெரிப்பா தனியா சோறாக்க ஆரமிச்சாரு. அம்மா அவுருக்கு தனியா செங்கல்லு குட்துச்சு. ஒரே வாசல்தான். ஆனா ரெண்டு வூடு.”

மிஸ் என்னைப் பார்த்தார். “உங்க வீட்ல எல்லாருக்கும் ஒண்ணா சமைப்பாங்களா?”

“இல்ல மிஸ். தனித்தனி.”

மூடிகளைப் பிரித்து இரண்டு வரிசையாக வைத்தார்கள். எங்களுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று. சித்தியின் வரிசைக்கு என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார்கள். அதற்குத் தெருவில் கதவு கிடையாது. யாரோ ‘சந்து’ என்று எழுதினார்கள். பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. குழந்தைகள் குடிக்கும் தண்ணீரும் பெரியவர்கள் குடிக்கும் தண்ணீரும் ஒன்றா, ஒரு குழந்தையை அரை ஆள் என்று வைக்கலாமா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நல்ல வாதம். நான் அதில் சேரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பத்திரிகையில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய செய்திகளைத் திருத்தும் மேஜையில் வேலை பார்த்தேன். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பதுதான் அங்கேயும் விதி. பத்து வயதுப் பையன் ஒருவன் தன் பெரியப்பாவை வைத்து அதே இடத்துக்கு வந்திருந்தான். அந்த வரி கண்ணில் படும்போதெல்லாம் எனக்குக் கழுத்து சுடும்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் குழாய் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை செதிலோடு கதவைத் திறந்தாள்.

“இன்னாமே, சண்டைக்கு வர்ல, பயப்படாத. பசங்க கணக்கு போட்டுகினு வந்துக்கீதுங்க. உங்குளுது எட்டு பேராமே.”

அம்மா கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டாள்.

“மின்னாடியே சொல்லியிருந்தா இவ்ளோ பேஜாரு வந்திருக்காதுல்ல? ரெண்டு அடுப்பு எரிது, ரெண்டு வூடு. பன்னெண்டு கொடம் எட்துக்கோ, எவளும் கேக்க மாட்டா. ஆனா அவ வந்து நிக்கணும். ஆள் தெரியாத செங்கல்ல இனிமே நான் ஒத்துக்க மாட்டேன்.”

“எங்குளுது ஒரே வூடுதான்” என்றாள் அம்மா.

“அப்போ ஆறுதான்.”

“ஆறே போதும்.”

“எட்டு பேரு ஆறு கொடத்துல இன்னாமே பண்ணுவீங்க?”

“அத நான் பாத்துக்கறேன். நீ போ.”

குழாய் அக்கா நியாயமாகத்தான் பேசினார். ஆறுக்குப் பதில் பன்னிரண்டு கொடுக்க வந்தார். அதனால் அம்மாவால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை. எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று, ஏற்கெனவே பெருக்கிய இடத்தை மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் குரல் அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவின் பாதிக்குக் கேட்டிருக்கும். நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் பையன்களின் சத்தம் நின்றுபோனது.

அம்மா கதவைச் சாத்திவிட்டு மீனுக்குத் திரும்பினாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

“அஞ்சுன்னு சொல்றதுக்கு இன்னாடி கேடு உனக்கு?”

“அஞ்சுன்னுதாம்மா சொன்னேன். திருட்டு வூடுன்னு சொன்னான்.”

“சொல்லட்டும்.” கத்தியைக் கீழே வைத்தாள். “திருட்டு வூடாவே இருந்துட்டு போவட்டும். ஒரு மாசம் கடைசில நின்னா செத்தா பூடுவேன்? அந்த பேரு எனக்குத்தான வரும்? உனக்கு இன்னா வந்துச்சு?”

இன்றுவரை நான் எடுத்துப் பார்க்கும் கேள்வி அது. எட்டு என்பது சரியான எண். அதைச் சொன்னது அம்மாவைக் காப்பாற்றுவதற்கா, அல்லது பதினொரு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நிறுத்துவதற்கா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

நைனா அந்த வாரம் வீட்டில் இல்லை. துறைமுகத்தில் கப்பல் நெருக்கடி என்று சொல்லி அனுப்பியிருந்தார். திங்களன்று பின்கட்டில் தண்ணீர் தீர்ந்தது. சித்தியின் சின்னப் பையன் நடுக்கதவின் அடிப்பலகை உடைந்திருந்த ஓட்டை வழியாகச் சொம்பை நீட்டினான். தங்கை அதை நிரப்பித் தள்ளினாள். அம்மா பார்த்துக்கொண்டு இருந்தாள், தடுக்கவில்லை. செவ்வாயன்று அவன் சொம்பை நீட்டவில்லை.

புதன்கிழமை லாரி இரண்டரைக்கு வந்தது. அம்மா வரிசைக்குப் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டு, ஆறு குடங்களையும் அண்ணனிடம் கொடுத்தனுப்பினாள். நான் கூடப் போனேன். சித்தி சந்து வழியாகத் தெருவுக்கு வந்தாள். தலையைக் குனிந்தபடி, இரண்டு பக்கமும் பையன்கள் வர, வரிசையில் கடைசி வீட்டாருக்குப் பின்னால் தன் செங்கல்லை வைத்தாள். முன்னால் நின்ற கடைசி வீட்டுப் பெண்ணின் அம்மா ஓரடி நகர்ந்து இடம் விட்டாள். குழாய் அக்கா முறை வந்ததும் குழாயைச் சித்தியின் குடத்தில் வைத்தார்.

சித்தி நான்கு குடங்கள் பிடித்தாள்.